விமானியின் கையும் கணினியின் விதியும்

எருது நாணயக் கயிற்றுக்கு அடங்கும். குதிரை கடிவாளத்துக்கு அடங்கும். தோணி சுக்கானுக்கு அடங்கும். இவை யாவற்றிலும் செலுத்துவோனின் கைக்கும் செலுத்தப்படும் பொருளுக்கும் இடையே கண்ணாற் காணத்தக்க தொடர்பு ஒன்று உண்டு. கயிறு அறுந்தால் அறுந்தமை உடனே தெரியும். எருது முரண்டு பிடித்தால் அதன் வலிமை கையில் உறைக்கும். இக்காலத்துப் பயணிகள் விமானங்கள் பலவற்றிலோ இத்தகைய தொடர்பு பெரும்பாலும் இல்லாதொழிந்தது. விமானி பற்றியிருக்கும் கோலுக்கும், அவருக்குப் பின்னே முப்பது மீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் வாலில் அமைந்துள்ள தகட்டுக்கும் இடையே நிற்பவை மின்கம்பிகளும் கணினிகளுமே. ஆங்கிலத்தில் ‘பிளை-பை-வயர்’ எனப்படும் இம்முறையை மின்வழி ஆளுகை எனத் தமிழில் வழங்கலாம்.

இம்முறை எவ்வாறு தொழிற்படுகின்றது, எக்காரணம் பற்றி இதனை மேற்கொண்டனர், இதன்கண் மனிதனுக்குரிய இடம் யாது என்னும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பயணிகள் விமானங்களுள் எண்முறைக் கணினிகளைக் கொண்டு இம்முறையை முதன்முதல் முழுமையாகக் கைக்கொண்டது ஐரோப்பிய நாடுகள் கூடி ஆக்கிய எயர்பஸ் ஏ320 என்பதாகலின், அதனையே சிறப்பாக எடுத்துக்கொள்வோம்.

விமானம் திரும்பும் வகை

வானிற் செல்லும் விமானத்துக்கு மூவகைத் திருப்பங்கள் உண்டு. மூக்கு மேலுங் கீழுமாக அசைதல் ஒன்று; ஓர் இறக்கை தாழ மற்றையது உயர, உடல் உருளுதல் இன்னொன்று; மூக்கு இடமும் வலமுமாகத் திரும்புதல் மற்றொன்று. முதலாவதை வாலின் கிடைத்தகடுகளில் அமைந்த உயர்த்திகளும், இரண்டாவதை இறக்கைகளின் பின்னோரத்தில் அமைந்த மடல்களும், மூன்றாவதை வாலின் நிலைத்தகட்டில் அமைந்த சுக்கானும் ஆளுகின்றன. இறக்கையின் மேற்புறத்தே எழும்பித் தூக்குவிசையைக் குறைக்கும் தடைத்தட்டுகளும் உருளுதலுக்குத் துணைபுரியும்.

இவை யாவற்றின் தத்துவமும் ஒன்றே. உயர்த்தியின் பின்னோரம் மேலே மடிந்தால் காற்று வாலைக் கீழே அழுத்தும். வால் தாழ மூக்கு உயரும். விமானி செய்வதெல்லாம் தகடுகளின் சாய்வை மாற்றுவதே. விமானத்தைத் திருப்புவது காற்று.

வடமும் கப்பியும்

1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி றைற் சகோதரர் பறந்தபோது, விமானி குப்புறக் கிடந்து தம் இடுப்பை அசைக்க, வடங்கள் இறக்கைகளின் நுனிகளை முறுக்கின. பின்னர் எழுந்த விமானங்களில் இறக்கையை முறுக்குதல் ஒழிந்து மடல்கள் வந்தன. எனினும் உருக்குவடங்களும் கப்பிகளும் நிலைத்தன. அக்காலத்து விமானி காற்றின் எதிர்ப்பைத் தம் கையால் நேரே உணர்ந்தார்.

ஆயின், காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. வேகம் இருமடங்கானால் தகட்டைத் தாக்கும் விசை நான்கு மடங்காகும். விமானங்கள் பருத்து வேகமும் மிக்கபோது மனிதனின் தோள்வலி போதாதாயிற்று. ஆகவே, அமுக்கமூட்டிய எண்ணெயினால் இயங்கும் ஆடுதண்டுகள் தகடுகளை அசைக்க, வடமானது அந்த எண்ணெயின் வாயிலைத் திறந்து மூடும் பணியை மட்டுஞ் செய்தது. காற்றின் எதிர்ப்பு கைக்கு எட்டாது போகவே, விற்சுருள்களையும் பிற பொறிகளையும் அமைத்துப் போலியானதோர் உணர்ச்சியைக் கைப்பிடிக்கு ஊட்டினர். மின்வழி ஆளுகை வந்தே விமானியின் கையுணர்ச்சியைப் பறித்தது என்று கூறுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். பெரிய விமானங்களில் அவ்வுணர்ச்சி முன்னரே செயற்கையாகிவிட்டது.

வடங்களுக்கு வேறு குறைகளும் உண்டு. அவை பாரமானவை, தேய்பவை, வெப்பநிலை மாறுந்தோறும் நீளத்தில் மாறி அடிக்கடி இழுத்துச் சீர்செய்யப்பட வேண்டியவை. மின்கம்பியோ இலேசானது, எம்மூலையிலும் வளைந்து செல்வது. 1958ஆம் ஆண்டு பறந்த அவ்ரோ அறோ என்னுங் கனடிய போர்விமானத்தில் மின்வழி ஆளுகை இடம்பெற்றது. 1969ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதி முதன்முதற் பறந்த கொன்கோர்ட் விமானமும் மின்சைகைகளாலேயே ஆளப்பட்டது. ஆயினும் அதிற் கணித்தல் எண்முறையாக அமையவில்லை. பொறிமுறைத் தொடர்பும் காப்புக்காக வைக்கப்பட்டிருந்தது. 1972ஆம் ஆண்டு மே 25ஆந் திகதி அமெரிக்காவின் நாசா நிறுவனம், சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோக் கலத்தின் கணினியை எப்-8 என்னும் விமானத்திற் பொருத்திப் பறக்கவிட்டது. அவ்விமானத்தில் வடத்தொடர்பு அகற்றப்பட்டிருந்தது. ஏ320 முதன்முதற் பறந்தது 1987ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதி. பயணிகளை ஏற்றத் தொடங்கியது 1988ஆம் ஆண்டு.

கட்டளையும் வேண்டுகோளும்

ஏ320இன் விமானிகள் இருவருக்கும் முன்னே பெரிய கைப்பிடி இல்லை. இடப்புறத்து ஆசனத்தவருக்கு இடக்கைப் பக்கத்திலும், வலப்புறத்தவருக்கு வலக்கைப் பக்கத்திலும் ஒவ்வொரு சிறு கோல் உண்டு. விமானி அதனைச் சாய்த்ததும், சாய்வின் அளவை உணர்கருவிகள் மின்சைகையாக்கிக் கணினிக்கு அனுப்புகின்றன. அதே வேளையில் விமானத்தின் வேகம், உயரம், சாய்வு, காற்றை எதிர்கொள்ளும் கோணம், உடலிற் படும் விசை என்பனவும் வேறு கருவிகளிலிருந்து வந்து சேருகின்றன. எல்லாவற்றையும் கூட்டி நோக்கி, எந்தத் தகடு எத்துணைப் பாகை அசைதல் வேண்டும் என்று கணினி கணிக்கின்றது. அக்கணிப்பு மின்சைகையாகத் தகட்டின் அருகிலுள்ள எண்ணெய் வாயிலை அடைகின்றது. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3000 இறாத்தல் அமுக்கமுடைய எண்ணெய் பாய்ந்து ஆடுதண்டைத் தள்ளத் தகடு அசைகின்றது. எத்துணை அசைந்தது என்பதை அங்குள்ள உணர்கருவி திரும்பவும் கணினிக்கு அறிவிக்கின்றது. வேண்டியதற்கும் நிகழ்ந்ததற்கும் வேறுபாடு இருப்பின் அவ்வேறுபாடு ஒழியும்வரை திருத்தம் நடைபெறும். இச்சுற்று ஒரு செக்கனிற் பன்முறை நிகழ்கின்றது.

இதுவரை கூறியதை மாத்திரம் நோக்கின், வடத்துக்குப் பதிலாகக் கம்பி வந்தது என்றே தோன்றும். உண்மையில் மாறியது கோலின் பொருளாகும். பழைய விமானத்திற் கைப்பிடியை இத்துணை இழுத்தால் தகடு இத்துணை மடியும். அதன்பின் விமானம் என்ன செய்யும் என்பது வேகத்தையும் பாரத்தையும் காற்றையும் பொறுத்தது. ஏ320இன் வழக்கமான விதியிற் கோலின் சாய்வு தகட்டின் சாய்வைக் குறிப்பதன்று. விமானம் எவ்வாறு அசைதல் வேண்டும் என்பதைக் குறிப்பதாகும். முன்பின்னாகச் சாய்த்தால், விமானத்தின்மீது படவேண்டிய விசை புவியீர்ப்பின் எத்துணை மடங்கு என்று வேண்டுவதாகும். பக்கமாகச் சாய்த்தால், செக்கனுக்கு எத்துணைப் பாகை உருளவேண்டும் என்று வேண்டுவதாகும். இதன் உச்சம் 15 பாகை. வேகங் குறைந்தபோது தகடு மிகுதியாகவும், வேகம் மிக்கபோது சிறிதளவாகவும் மடிதல் வேண்டும் என்னுங் கணக்கைக் கணினி பார்த்துக்கொள்கின்றது. கோலைக் கைவிட்டால் விமானம் முன்சென்ற பாதையிலேயே செல்லும். காற்று மோதி மூக்கை உயர்த்தினால், விமானி அசையுமுன்னரே கணினி திருத்திவிடும்.

நன்கு பழகிய குதிரை தன்மேல் இருப்பவன் செல்லவேண்டிய திசையை அறிந்துகொண்டு, எக்காலை எக்கல்லில் வைப்பது என்பதைத் தானே தீர்மானிக்கும். அதுபோல, விமானியின் கை அசைவு தகட்டுக்கு இடும் கட்டளையாக இருந்த நிலை மாறி, கணினியின் விதிகளிடம் விடுக்கும் வேண்டுகோள் ஆயிற்று. வேண்டுகோளெனின் மறுக்கவும் படலாம் அன்றோ? இனி அம்மறுப்பை நோக்குவோம்.

வரம்புகள்

இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் மிகமிகத் தூக்குவிசையும் மிகும். ஆனால் ஓர் எல்லையைக் கடந்ததும் காற்று இறக்கையின் மேற்புறத்தை ஒட்டிச் செல்லாது சிதறும். தூக்குவிசை திடீரெனக் குன்றும். விமானம் விழத் தொடங்கும். விமானிகள் அஞ்சுகின்ற தூக்கிழப்பு என்பது இதுவே. மூக்கைத் தாழ்த்திக் கோணத்தைக் குறைத்தலே இதற்குப் பரிகாரம். விழுகின்ற மனிதனின் இயல்பூக்கமோ கோலைப் பின்னே இழுக்கவே தூண்டும்.

ஏ320இன் வழக்கமான விதி இவ்வெல்லையைக் கடக்க விடாது. விமானி கோலை முற்றாகப் பின்னிழுத்தாலும், கணினி அனுமதிக்கப்பட்ட உச்சக் கோணத்தில் நிறுத்திவிடும். அவ்வாறே மடிப்புத்தகடுகள் உள்ளிழுக்கப்பட்ட நிலையில் விமானத்தின்மீது படும் விசை புவியீர்ப்பின் 2.5 மடங்கைக் கடவாது. மூக்கு 30 பாகைக்கு மேல் உயராது, 15 பாகைக்குக் கீழ்த் தாழாது. உடல் 67 பாகைக்கு மேற் பக்கஞ் சாயாது. 33 பாகைக்கு மேற் சாய்ந்த நிலையிற் கோலைக் கைவிட்டால் விமானம் 33 பாகைக்குத் தானே மீளும்.

இவ்வரம்புகள் விமானிக்கு விலங்கு போலத் தோன்றலாம். ஆயினும் மலையொன்று எதிர்ப்படும் வேளையில், தூக்கிழப்புக்கு அஞ்சி அளந்தளந்து இழுக்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை, முற்றாக இழுக்கலாம். 2009ஆம் ஆண்டு சனவரி 15ஆந் திகதி நியூயோர்க்கிலிருந்து எழுந்த ஏ320 ஒன்று பறவைக் கூட்டத்தின் மோதலால் இரு எஞ்சின்களிலும் உந்துவிசையை இழந்து ஹட்சன் நதியில் இறங்கியது. துணைமின்னாக்கியை விமானி உடனே இயக்கியமையால் கணினிகளுக்கு மின் குன்றவில்லை. வரம்புகள் இறுதிவரை காவல் நின்றன. வேகம் விரும்பத்தக்க அளவிலுங் குறைந்திருந்தும் விமானம் தூக்கிழப்பில் வீழவில்லை. அதிலிருந்த 155 பேரும் உயிர் தப்பினர். நதியைத் தேர்ந்தது மனிதனின் மதி. அந்த மதி செயலாகும் வரை இறக்கையைக் காத்ததிற் கணினிக்கும் பங்குண்டு.

ஒன்று பிழைத்தால்

கணினி பழுதடையாதா, கம்பி அறாதா என்பது எவர்க்கும் எழும் ஐயம். பெருந்தீங்கு விளைக்கத்தக்க பழுது நூறுகோடிப் பறப்பு மணித்தியாலங்களுக்கு ஒன்றிலுங் குறைவாகவே நிகழத்தக்கதாக இவ்வமைப்புகள் ஆக்கப்படுதல் வேண்டும் என்பது பொறியியலாளர் கொண்ட அளவுகோல். எந்த ஒரு கணினியும் இவ்வளவுகோலை எட்டாது. ஆகையால் ஏ320இல் ஏழு கணினிகள் உள்ளன. இரண்டு உயர்த்திகளையும் மடல்களையும் ஆளும். மூன்று தடைத்தட்டுகளை ஆள்வதோடு, வேண்டுங்கால் உயர்த்திகளையும் ஆளும். எஞ்சிய இரண்டு சுக்கானுக்கு உதவும். ஒவ்வொன்றினுள்ளும் கட்டளை பிறப்பிக்கும் பகுதி வேறு, அதனைக் கண்காணிக்கும் பகுதி வேறு. இரண்டின் கணிப்பும் ஒவ்வாவிடின், அக்கணினி தன்னைத்தானே விலக்கிக்கொள்ள மற்றொன்று பணியை ஏற்கும்.

எண்ணிக்கை மட்டும் காப்பாகாது என்பதே இங்கு நுணுகி நோக்கற்பாலது. ஒரே மூல ஏட்டைப் பார்த்து ஏழு பிரதிகள் எழுதினால், மூலத்திலுள்ள பிழை ஏழிலும் வரும். ஏழையும் ஒப்புநோக்குவோன் பாடபேதம் இல்லையென்று மகிழ்வானேயன்றிப் பிழையை அறியான். வேறு வேறு ஏடுகளிலிருந்து வந்த பிரதிகளை ஒப்புநோக்கும்போதே பிழை தெரியவரும். கணினிக்கும் இது பொருந்தும். எனவே முதல்வகைக் கணினிகளும் இரண்டாம் வகைக் கணினிகளும் வெவ்வேறு நிறுவனங்களின் நுண்செயலிகளைக் கொண்டு செய்யப்பட்டன. கட்டளைப் பகுதிக்கும் கண்காணிப்புப் பகுதிக்கும் உரிய நிரல்கள் தனித்தனியே எழுதப்பட்டன. ஒருவரின் தவறு மற்றவரிடத்தும் அவ்வாறே நிகழ்தல் அரிது என்னும் நம்பிக்கையே இதன் அடிப்படை.

எண்ணெய் அமுக்க அமைப்புகளும் பச்சை, நீலம், மஞ்சள் என்னும் பெயரால் மூன்று. மின்சாரம் இரு எஞ்சின்களிலிருந்தும் வரும். அவை நின்றால் துணைமின்னாக்கி உண்டு. அதுவும் இல்லையெனின் விமானத்தின் அடியிலிருந்து சிறு காற்றாடி ஒன்று வெளிவந்து எதிர்க்காற்றிற் சுழன்று நீல அமைப்புக்கு அமுக்கமூட்டும். அதனால் அவசர மின்னாக்கியும் இயங்கும். கணினிகள் யாவும் ஒருங்கே நின்றாலும், சுக்கானையும் வாலின் கிடைத்தகட்டையும் பொறிமுறையால் அசைக்கும் வழி ஏ320இல் வைக்கப்பட்டுள்ளது.

இத்துணைக் காவலையுங் கடந்து தவறு நுழைதலும் உண்டு. 2008ஆம் ஆண்டு ஒற்றோபர் 7ஆந் திகதி சிங்கப்பூரிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குச் சென்ற ஏ330 ஒன்று 37,000 அடி உயரத்தில் விமானியின் விருப்பமின்றி இருமுறை மூக்கைத் தாழ்த்தியது. காற்று, நிலை பற்றிய தரவுகளை வழங்கும் மூன்று கருவிகளுள் ஒன்று கோணத்தைப் பற்றிய பொய்த் தரவுகளை இடையிடையே விடுத்தது. அவை வந்த கால இடைவெளி காரணமாகக் கணினியின் நிரல் அவற்றை மெய்யென ஏற்று, இல்லாத தூக்கிழப்பிலிருந்து விமானத்தைக் காக்க முற்பட்டது. ஆசனப்பட்டி அணியாதோர் கூரையில் மோதுண்டனர், நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர், உயிரிழந்தார் எவருமில்லை. கணினி தன் விதியை மீறவில்லை. பொய்ச்சாட்சியை நம்பிய நீதிபதி போல விதிப்படியே தவறியது.

விதி தாழும்போது

தரவுகளில் ஐயம் ஏற்படின் கணினி செய்யத்தக்கது யாது? அறியாததை அறிந்ததாகக் கொண்டு வரம்பிடுதல் தீது. ஆதலின், பழுதின் தன்மைக்கேற்ப விதி படிப்படியாகத் தாழும். வழக்கமான விதிக்கு அடுத்து மாற்று விதி. அதிற் காப்புகள் பல நீங்கும். அதற்கும் கீழே நேர்விதி. அதிற் கோலின் சாய்வு, பழைய காலத்தைப் போல, தகட்டின் சாய்வையே குறிக்கும். எந்நிலையிலும் இறுதிப் பொறுப்பு மனிதனின் கைக்கு வந்துசேரும்.

அது வந்துசேரும் வேளை எத்தகையது என்பதை 2009ஆம் ஆண்டு யூன் 1ஆந் திகதி உலகம் கண்டது. றியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏ330 விமானம் இரவில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேல் 35,000 அடி உயரத்திற் பறந்துகொண்டிருந்தது. வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிப்பளிங்குகள் அடைத்தன. வேகக் கணக்குகள் தம்முள் முரணவே தன்னியக்க ஓட்டி விலகியது. விதி மாற்று விதியாயிற்று. தூக்கிழப்புக்கு எதிரான காப்பு நீங்கியது. அடைப்பு ஒரு நிமிடத்திலுங் குறைந்த நேரமே நீடித்தது. அதற்குள், கோலைப் பற்றியிருந்த விமானி மூக்கை உயர்த்தவே விமானம் ஏறத்தாழ 38,000 அடிக்கு ஏறித் தூக்கிழப்பில் வீழ்ந்தது. தன்னியக்க ஓட்டி விலகியதிலிருந்து நான்கரை நிமிடம் செல்லுமுன் அது கடலில் மோதியது. 228 பேர் மாண்டனர்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் உற்றுநோக்கத்தக்கன. இரு பக்கக்கோல்களும் தம்முள் பொறிமுறையால் இணைக்கப்பட்டவை அல்ல; ஒருவர் இழுப்பதை மற்றவர் தம் கையில் உணரார்; இருவரும் ஒருங்கே அசைத்தால் கணினி இரண்டையுங் கூட்டிக்கொள்ளும். எனவே, ஒருவர் இடைவிடாது பின்னிழுப்பதை இருளில் மற்றவர் அறிவது அரிதாயிற்று. மற்றது அதனினுங் கொடியது. அளக்கப்பட்ட வேகம் மிகத் தாழ்ந்தபோது கோணத்தின் அளவை நம்பத்தகாததெனக் கணினி தள்ளியது. எச்சரிக்கை ஒலி நின்றது. மூக்கைத் தாழ்த்திச் சரியானதைச் செய்ய முற்பட்டபோது வேகம் உயர, எச்சரிக்கை மீண்டும் ஒலித்தது. நன்மை செய்தவனைக் கண்டித்து, தீமை செய்தவனிடம் மௌனம் காத்த ஆசிரியனைப் போலாயிற்று அக்கருவி.

இருவேறு கொள்கைகள்

1994ஆம் ஆண்டு முதன்முதற் பறந்த போயிங் 777 விமானமும் மின்வழி ஆளுகை உடையதே. ஆயினும் அதனை ஆக்கியோர் பெரிய கைப்பிடிகளை நீக்கவில்லை. இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்தனர். தன்னியக்க ஓட்டி விமானத்தைத் திருப்பும்போதும் அவை அசையுமாறு செய்தனர். வரம்பை அணுகும்போது கைப்பிடி கனக்கும், தடுத்து நிறுத்தாது, விமானி வலிந்து தள்ளினால் வரம்பைக் கடக்கலாம். எயர்பஸ் வகுத்த வரம்பு மதில் போன்றது. போயிங் வகுத்தது வேலி போன்றது. அச்சத்தால் மதியிழந்த கையைத் தடுக்க மதில் வேண்டும் என்பர் ஒரு சாரார். எவரும் முன்னறியாத இடரில் இறுதிச் சொல் விமானிக்கே உரியதாதல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இருவகை விமானங்களும் பல கோடிப் பயணிகளைச் சுகமே கொண்டுசேர்த்துள்ளன.

முடிவு

மின்வழி ஆளுகையைப் பற்றிப் பேசுவோர் பலர் மனிதனோ பொறியோ பெரிது என வாதிடுவர். விதியை எழுதியவரும் மனிதரே என்பதை அவர் மறந்தனர். பட்டறையில் அமைதியாக இருந்து, வரக்கூடிய இடர்களை முன்கூட்டி எண்ணிய பொறியியலாளரின் அறிவே கணினியில் உறைகின்றது. அவர் எண்ணியவற்றில் அவ்வறிவு விமானியின் கையிலும் விரைவாகவும் செவ்வையாகவும் தொழிற்படும். அவர் எண்ணாதவற்றுக்கு அந்தக் கணத்தில் அங்கிருப்போரின் அறிவே துணை. ஆகவே, விமானிக்கு இன்றியமையாத கல்வி இரண்டு: இக்கணத்தில் எந்த விதி ஆளுகின்றது என்பதை ஐயமின்றி அறிதல், எல்லா விதியும் நீங்கிய வேளையிலும் இறக்கையையும் காற்றையும் மட்டுங் கொண்டு பறத்தல். நாள்தோறும் கணினி காக்கும் விமானத்தில் இரண்டாவது கல்வியைப் பயிலும் வாய்ப்புக் குறைவு. எனவேதான் அதனை வேண்டுமென்றே தேடிப் பயிற்றுதல் வேண்டும். கடிவாளத்தைக் குதிரையிடமே விட்டுவைக்கும் காலத்திலும், அதனைப் பற்றத் தெரிந்த கை மழுங்கிவிடாதிருத்தல் வேண்டும் என்க.